கட்டி முடித்தலும் ஒப்புவித்தலும்

விருதுநகரினின்று மானாமதுரைக்குச் செல்லும் புகைவண்டி, அருப்புக்கோட்டையையும் திருச்சுழியையும் கடந்து நரிக்குடியை அணுகுங்கால், சாளரத்தின் வழியே நோக்குவார்க்கு இருமருங்கும் தோன்றுவன கரிசற்காடும், சீமைக்கருவேலம் புதரும், இடையிடையே பனைகள் வரிசையாய் நிற்கும் நீண்ட மண்மேடுகளுமேயாம். அம்மேடுகளை இயற்கைக் குன்றுகள் என்று எண்ணிய நண்பர் ஒருவரை யாம் அறிவோம். அவை கண்மாய்க் கரைகள். எம் நாட்டிற்கு வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. குண்டாறும் கிருதுமால் நதியும் மழைக்காலத்தே ஓடி, ஏனைத் திங்களில் மணலாய்க் கிடப்பன. ஆண்டு மழை ஏறக்குறைய 800 மில்லிமீட்டர். அதிலும் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்திலே பெய்து தீர்ந்துவிடும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வந்த நீரைத் தேக்கிய ஊரார்க்கு நெல்லும் மிளகாயும் உண்டு. தேக்கத் தவறிய ஊரார்க்கு வெளியூர்ப் பிழைப்பு உண்டு.

ஆதலின் எம் பக்கத்தில் 'வேலை நடக்கிறது' என்று ஒருவர் கூறின், வீடு கட்டுதலையோ பாலம் கட்டுதலையோ முதலில் யாரும் நினையார். கண்மாய் மராமத்தையே நினைப்பர். அம்மராமத்தைத் தொடங்கும் வகையைப் பற்றிப் பலரும் பேசியுள்ளனர், எழுதியும் உள்ளனர். அதனை முடிக்கும் வகையைப் பற்றிச் சில கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழிலக்கணம் பயில்வார்க்கு எச்சத்திற்கும் முற்றிற்கும் உள்ள வேறுபாட்டை விளக்க வேண்டுவதில்லை. 'கட்டி' என்பது எச்சம். 'கட்டினான்' என்பது முற்று. எம் பக்கத்து வேலைகளுட் பல 'கட்டி' என்னும் அளவில் நின்றுவிடுகின்றன. முற்று எங்கே என்று தேடிச் சென்றால், கரையோரத்திலே நட்ட சலவைக்கல்லில் பெயர்கள் மட்டும் காணப்படும். இதனைப் பெயரெச்சம் எனலாமே என்று எம் வகுப்புத் தோழர் ஒருவர் கூற, யாம் நெடுநேரம் நகைத்தோம். ஆயினும் அச்சிரிப்பு அடங்கியபின் எம் ஊர்க் கண்மாய் நினைவுக்கு வந்தது.

எம் சிற்றூர் நரிக்குடிக்கு அணித்து. மருது சகோதரர் பிறந்த முக்குளமும் தொலைவில் இல்லை. யாம் ஒன்பதாம் வகுப்பிற் பயின்ற ஆண்டின் கோடையில் எம் கண்மாயில் மராமத்து நடைபெற்றது. கரையை உயர்த்தினர். பழைய கல்மடை சிதைந்திருந்தமையால் அதனை அகற்றிக் காங்கிரீட்டு மடை ஒன்று அமைத்து, இரும்புக் கதவு பொருத்தினர். கலுங்கிற்குச் சிமெண்டுப் பூச்சிட்டனர். புரட்டாசி இறுதியில் ஒரு பிற்பகல் அனைவரும் வந்தனர், மாலை சூட்டினர், படம் பிடித்தனர், எங்கட்கு இனிப்பும் வழங்கினர். மடைக்கதவை அன்று ஒருவரும் திறந்து மூடிப் பார்த்திலர். கண்மாயில் நீர் இல்லை; வறண்ட கண்மாயிற் கதவு திறந்தால் என்ன, மூடினால் என்ன என்று எண்ணினர் போலும்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாது மழை பெய்தது. மேற்கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்து, இரவோடு இரவாக எம் கண்மாயும் நிறைந்தது. விடியலில் ஊர் முழுதும் கரைமேல் நின்று மகிழ்ந்தது. மகிழாதவர் ஒருவரே, அவர் எங்கள் நீர்பாய்ச்சிப் பெரியவர். புது மடைச் சுவருக்கும் மண்கரைக்கும் இடையே, கரையின் வெளிப்புறத்தில், விரற்கடை அளவில் நீர் கசிந்தது. அவர் அதனைக் கையில் ஏந்திப் பார்த்து, "தெளிந்து வந்தால் விட்டுவிடலாம், தம்பி, இது கலங்கி வருகிறதே" என்றார். தெளிந்த கசிவு மண்ணை விட்டு நீரை மட்டும் கொணர்வது. கலங்கல் நீரோ கரையின் உள்மண்ணைச் சிறிது சிறிதாக அரித்துக்கொண்டு வருவது. அது செல்லும் வழி நாழிகைக்கு நாழிகை அகலும். நீர்மட்டத்தை உடனே தாழ்த்துதல் ஒன்றே வழி. அதற்கு மடைக்கதவைத் திறத்தல் வேண்டும். கதவைத் திருகி ஏற்றும் இரும்புக் கைப்பிடியை எம்மூரார் சாவி என்பர். "கதவு இருக்கிறது, சரி. சாவி எங்கே?" என்று பெரியவர் வினவினார். ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கினர். சாவி ஒப்பந்தக்காரருடைய கிடங்கில், பல கல் தொலைவிலுள்ள ஒரு நகரத்தில், பத்திரமாக இருந்தது.

மணல்மூட்டையும் வைக்கோலும் பனந்துண்டும் இட்டுக் கசிவை அடக்க முயன்றனர், அடங்கிற்றிலது. இறுதியில் கலுங்கின் ஓரத்திலே கரையைத் தாமே வெட்டி நீரை வெளியேற்றினர். கரை பிழைத்தது, நீர் போயிற்று. எம் சிற்றப்பாவின் வயல் கடைமடையில் உள்ளது. தை பிறக்கும் முன்பே, கதிர் பால்பிடிக்கும் பருவத்தில், அங்கே நீர் எட்டவில்லை. அவ்வாண்டு அவர் வீட்டிற்கு வந்தது வைக்கோல் மட்டுமே.

குற்றம் இன்னாருடையது என்று காட்டுதற்கு யாம் இதனை எழுதினோமல்லேம். வேலை செய்தோர் சிமெண்டிற் குறைத்தாரல்லர். அம்மடைச்சுவர் இன்றும் உறுதியாகவே நிற்கின்றது. வேலை செய்தவர் கை விடுத்ததற்கும் ஊரார் கை பற்றியதற்கும் இடையே ஓர் இடைவெளி இருந்தது. நீர் அவ்விடைவெளி வழியே சென்றது. அவ்விடைவெளியை அடைத்தற்கு வேண்டுவன யாவை என்பதைப் பின்னர்க் கற்றோர்வாய்க் கேட்டும், ஒருமுறை நேரிற் கண்டும் அறிந்தோம்.

முதலாவது காலம். எம் பக்கத்தில் ஒரு வேலையின் முடிவுநாளை ஒப்பந்தத் தாளில் தேடுதல் போதாது. ஐப்பசியிலிருந்து பின்னோக்கி எண்ணிக் காணுதல் வேண்டும். புதிதாக ஊற்றிய காங்கிரீட்டின் வலிமையைச் சோதிக்க 28 நாள் கணக்கிடுவர். அந்நாள்களில் முதல் ஒன்றிரண்டு வாரம் அதனை ஈரம் காயாமற் காத்தல் வேண்டும். புதுமண் கரை தன் எடையால் சிறிது சிறிதாக அமர்ந்து தாழும். அதற்கும் காலம் விடுதல் வேண்டும். மண்வேலையை ஆடிக்குள் முடித்தால்தான் ஆவணியில் அளக்கவும், குறை காணவும், புரட்டாசியில் அவற்றைத் திருத்தவும் இயலும். புரட்டாசி இறுதியில் முடிந்த வேலை உண்மையில் முடியாத வேலையே. திருத்துதற்குரிய காலத்தை அது விழுங்கிவிட்டது.

இனி, கசிவு ஏன் மடையோரத்திலே தோன்றிற்று? எம் நிலம் கரிசல். கரிசல் மண் கோடையிற் சுருங்கிக் கை நுழையும் அளவு வெடிக்கும். நீர் பட்டால் வீங்கும். காங்கிரீட்டுச் சுவரோ சுருங்குவதும் இல்லை, வீங்குவதும் இல்லை. இவ்விரண்டும் சேருமிடத்தில் மண்ணைத் தகுந்த ஈரத்துடன் அரையடி, முக்காலடிப் படலங்களாக இட்டு, ஒவ்வொரு படலத்தையும் இடித்து இறுக்குதல் வேண்டும். பெரும் பொறிகளைச் சுவரருகே ஓட்டுதல் அரிது. ஆதலின் அவ்விடத்தில் மட்டும் கையாலே இடித்தல் வேண்டும். வேலை முடியும் நாள்களில் ஆட்கள் களைத்திருப்பர். பாதிப்பேர் அடுத்த வேலைக்குச் சென்றிருப்பர். கரை முழுதும் செம்மையாக அமைந்து, கடைசியாக மூடப்பெற்ற இரண்டு முழ இடம் மட்டும் தளர்ந்து கிடப்பதற்கு இதுவே காரணம் என்று பொறியாளர் ஒருவர் எமக்கு விளக்கினார்.

பெரியாரும் இத்தகைய இடத்தில் இடறியுள்ளனர். அமெரிக்க நாட்டின் ஐடஹோ மாகாணத்தில் டீட்டன் என்னும் ஆற்றின் குறுக்கே ஏறத்தாழ 300 அடி உயரமுள்ள மண்ணணை ஒன்று எழுப்பினர். 1976-ஆம் ஆண்டு அதில் முதன்முறையாக நீர் நிரப்பினர். பனி உருகி வந்த வெள்ளத்தால் நீர்மட்டம் முதலில் வகுத்த அளவினும் விரைந்து ஏறிற்று. அதனைத் தணித்தற்குரிய பெரிய வெளிமதகோ இன்னும் பயனுக்கு வந்திலது. ஜூன் 5-ஆம் நாள் காலையில் அணையோரத்திற் கலங்கல் நீர் தோன்றிற்று. நண்பகல் ஆகுமுன் அணை உடைந்தது. 11 பேர் மாண்டனர். கீழேயுள்ள ஊர்கள் பாழாயின. பாறைப் பிளவுகளின் வழியே நீர் புகுந்து உள்மண்ணை அரித்தமையே காரணம் என்று ஆராய்ந்தோர் கூறினர். அணையின் அடிப்படைக் குறை வேறாயினும், மதகு முடியுமுன் நீரை ஏற்றமை மீட்சிக்கு இருந்த வழியையும் அடைத்துவிட்டது. எங்கள் கண்மாய் எங்கே, டீட்டன் அணை எங்கே! எனினும் எம் பெரியவர் கையில் ஏந்திய நீரும் அக்காலையில் அங்குத் தோன்றிய நீரும் ஒரே நிறத்தன.

அடுத்தது மட்டம். எம் நாட்டுக் கண்மாய்கள் தனித்தனியே நிற்பன அல்ல. ஒன்றன் மறுகால் மற்றொன்றற்கு வரத்து. எம் கலுங்கை நான்கு விரற்கடை உயர்த்தினால் மேலூரார் நஞ்சையில் நீர் தேங்கும். கீழூர்க் கண்மாய்க்கு மறுகால் காலந்தாழ்த்துச் செல்லும். நான்கு விரற்கடை தாழ்த்தினால் எம் கண்மாய் பல நாட் பாய்ச்சலை இழக்கும். கலுங்கின் தலைமட்டமே கண்மாயின் முழுக்கொள்ளளவைக் குறிப்பது. பூச்சு வேலை என்று கூறி ஒரு கொத்தனார் தம் கரண்டியால் இட்ட சிமெண்டு, மூன்று ஊரார் வழக்கிற்கு வித்தாகலாம். ஆதலின் கலுங்கு முடிந்தவுடன் மேலூர், கீழூர்ப் பெரியோரையும் அழைத்து, மட்டம் பார்க்கும் கருவியால் அளந்து, அசையாத ஒரு கல்லில் அம்மட்டத்தைப் பொறித்தல் வேண்டும். வேலை நடக்கும்பொழுது ஐயம் எழுந்தால் அரைநாளில் தீரும். நீர் வந்தபின் எழுந்தால் அரைத் தலைமுறையாகும்.

மட்டத்தையும் அளவையும் எழுதி வைத்தல் நம் நாட்டிற்குப் புதிதன்று. கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் இருப்பைக்குடி கிழவன் என்னும் எட்டி சாத்தன் தான் செய்த நீர்நிலைப் பணிகளைக் கல்லில் வெட்டுவித்தான். அக்கல்வெட்டு எம் மாவட்டத்திலேயே, சாத்தூர்ப் பக்கத்து எருக்கங்குடியில் உள்ளது. அது புகழுக்காக வெட்டியது என்று கூறுவாரும் உளர், இருக்கலாம். ஆயினும் எது கட்டப்பெற்றது, யார் கட்டினார் என்பது ஆயிரத்து நூறு ஆண்டு கழித்தும் தெரிகின்றது. எம் சலவைக்கற்களில் இரண்டாவது செய்தி மட்டுமே இருக்கும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இதற்கு முறையான ஏற்பாடு ஒன்று தோன்றிற்று. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய கொடும்பஞ்சத்தின் பின், சென்னை மாகாணத்தில் 1883-இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கப்பெற்றது. அத்திட்டத்தார் ஊர் ஊராகச் சென்று ஏரிகளை அளந்தனர். செப்பனிட வேண்டுவனவற்றை வரையறுத்தனர். ஒவ்வோர் ஏரிக்கும் ஒரு குறிப்பேடு வகுத்தனர். நீர்வரத்துப் பரப்பு இவ்வளவு, கரையின் உயரமும் தலையகலமும் இவ்வளவு, மடையின் அடிமட்டம் இது, கலுங்கின் நீளமும் மட்டமும் இவை, ஆயக்கட்டு இவ்வளவு என்பன அதிற் காணப்படும். பின்வரும் அதிகாரி ஒருவர் அவ்வேட்டைப் புரட்டி, இன்றைய கரை அன்றைய அளவில் உள்ளதா என்று ஒப்பிட்டுப் பார்த்தல் கூடும். ஒரு வேலையின் முடிவை அடுத்த வேலையின் தொடக்கத்தோடு பிணைத்த நல்ல கயிறு அது என்பது எம் துணிபு.

ஆனால் எம் பக்கத்திற்கு அந்நலம் உரிய காலத்திற் கிட்டிற்றிலது. இப்பகுதியின் ஊர்கள் பெரும்பாலும் இராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்களைச் சார்ந்தவை; அரசாங்கத்தின் நேர்க் கண்காணிப்பில் இருந்த ஏரிகளுக்கே அத்திட்டம் முதன்மையாக உரியது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்தபின், கண்மாய்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. ஜமீன் கண்மாய் என்ற அடைமொழி அரசாங்கத் தாள்களில் நெடுநாள் அவற்றை விட்டு நீங்கவில்லை. பழைய அளவு தெரியாத கண்மாயை எவ்வளவு செப்பனிட்டால் போதும் என்று எவ்வாறு துணிவது? எம் ஊரில் 'தாத்தா காலத்தில் கரை அந்தப் பனையின் அடிவரை இருந்தது' என்பதே அளவாக இருந்தது. அப்பனையும் பின்னர் வெட்டப்பட்டது.

முல்லைப் பெரியாற்று அணையை ஈண்டு நினையாதிருத்தல் இயலாது. மதுரை நாட்டார் எவரும் பென்னிகுயிக்கின் பெயரை அறிவர். 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு அதனைத் திறந்து வைத்தார். அவ்வேலையிற் பங்குகொண்ட மெக்கன்சி என்னும் பொறியாளர், நான்காண்டு கழித்து, 1899-இல், அத்திட்டத்தின் வரலாற்றைத் தனி நூலாக எழுதி வெளியிட்டார் என்பதைப் பலர் அறியார். சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டிய அவ்வணையில் 1930-களில் துளையிட்டுச் சிமெண்டுக் கூழ் செலுத்தினர். 1979-க்குப்பின் மேலும் பலவாறு வலுப்படுத்தினர். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பார் இன்றும் திரும்பி நோக்கும் ஏடுகளுள் மெக்கன்சியின் நூலும் ஒன்று. திறப்புவிழாவின் படங்களால் அவ்வுதவி கிட்டுமோ?

பணக் கணக்கைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். அது சுவையற்றதாயினும் சண்டைகள் பெரும்பாலும் அங்கே பிறப்பன. அரசாங்க வேலைகளுக்கு அளவுப் புத்தகம் என்று ஒன்று உண்டு. அதன் பக்கங்களுக்கு எண் இட்டிருப்பர். அளந்த நாள், நீளம், அகலம், ஆழம் அனைத்தும் அளந்த இடத்திலேயே அதில் ஏறும். தவறு நேர்ந்தால் அழித்தல் கூடாது. கோடிட்டு அடித்து, அருகே திருத்தி, நாளுடன் கையொப்பம் இடுதல் வேண்டும். ஏட்டுச்சுவடி திருத்தும் புலவரும் பின்பற்றத்தக்க நல்லொழுக்கம் இது! மண்வேலையை, மண் எடுத்த குழியைக் கொண்டு அளப்பதும் உண்டு. குழியின் நடுவே சாட்சிக்காகச் சிறு மண்மேடுகளை வெட்டாது விட்டு வைப்பர். அவற்றின் உயரமே குழியின் ஆழம். அளவு முடியுமுன் மழை பெய்து கண்மாய் நிரம்பிவிட்டால் அக்குழியை அளப்பவர் யார்? அடித்தளமும் அவ்வாறே, மூடுமுன் அளத்தல் வேண்டும். அளவாத வேலைக்குப் பணம் கேட்பவரும் மறுப்பவரும் தத்தம் நினைவையே சான்றாகக் காட்டுவர். நினைவோ இருவர்க்கும் தத்தமக்கு நலமாகவே இருக்கும்.

ஒப்பந்தத் தொகையில் ஒரு பகுதியைக் குறை தோன்றின் திருத்துதற்குப் பிணையாக நிறுத்தி வைத்தல் வழக்கம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. அப்பிணைக்காலம் ஆறு திங்கள் என்று வைத்துக்கொள்வோம். வேலை பங்குனியில் முடிந்தால் புரட்டாசியில் அக்காலம் தீர்ந்துவிடும். கண்மாய் ஒரு துளி நீரைக் காணுமுன் ஒப்பந்தக்காரர் தம் பொறுப்பினின்று விடுபட்டுவிடுவர். தாளின்படி யாவும் முறையே. எனவே எம் போன்ற வறண்ட நாட்டில் திங்களை எண்ணுதல் போதாது. ஒரு பருவமழையாவது அதனுள் அடங்குமாறு அக்காலத்தை வகுத்தல் வேண்டும். ஒப்பந்தக்காரரும் இதனை வெறுக்க வேண்டுவதில்லை. குறைப்பட்டியல் ஒருமுறை எழுதி இருபாலாரும் ஒப்பமிட்டுவிட்டால், நாளுக்கொரு புதுக்குறை கூறி அவர் பணத்தை நிறுத்தி வைத்தலும் இயலாது. கூலியாட்களின் கடைசி வாரக் கூலி, வண்டி வாடகை, தேநீர்க்கடைக் கணக்கு ஆகியவையும் முகாம் கலையுமுன் தீர்தல் வேண்டும். எம் ஊர்த் தேநீர்க்கடைக்காரர் அந்தப் பழைய மராமத்தைப் பற்றி இன்றும் பேசுவார். அவர் பேசுவது மடையைப் பற்றி அன்று.

இனி, யாரிடம் ஒப்புவிப்பது? தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுடைய கண்மாய்களைப் பொதுப்பணித்துறையும், 2021 முதல் தனித்துறையாகிய நீர்வளத்துறையும் பேணி வர, சிறியவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பாயின. ஆனால் நள்ளிரவில் கதவைத் திறப்பவர் துறையார் அல்லர். முற்காலத்துக் குடிமராமத்து முறையில் ஊராரே கரைக்கு மண்ணிட்டனர், வரத்துக்காலைத் தூர்வாரினர். விவசாயிகள் பாசன மேலாண்மையில் பங்குகொள்ளுதற்கு 2000-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் பிறந்தது. 2017-இல் குடிமராமத்து என்ற பெயரே மீண்டும் உயிர்பெற்று, முதற்கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 வேலைகள் எடுத்துக்கொள்ளப்பெற்றன. ஆயக்கட்டுதாரர் பத்தில் ஒரு பங்கைப் பொருளாகவோ உழைப்பாகவோ அளித்தல் வேண்டும் என்றும் விதித்தனர். பங்கு அளித்தவர் பொருளைத் தம்முடையதாகக் கருதுவர் என்பது நல்ல எண்ணம். ஆயினும் பெயரளவில் அமைந்த சங்கத்தின் தலைவரிடம் தாளை நீட்டிக் கையொப்பம் பெறுதல் ஒப்புவித்தல் ஆகாது. கதவைக் கையாற் சுழற்றப் போகிறவர் சுழற்றிப் பார்த்து, சரி என்று கூறுதலே ஒப்புவித்தல்.

இதனை யாம் நேரிற் கண்டது பன்னிரண்டாம் வகுப்பிற் பயின்ற ஆண்டில். அதே மடையையும் கலுங்கையும் மீண்டும் திருத்த நேர்ந்தது. இம்முறை வந்த பொறியாளர் இளைஞர், கேட்கும் இயல்புடையவர். எங்கள் நீர்பாய்ச்சிப் பெரியவர் வேலை தொடங்கிய நாளிலேயே அவரிடம், "ஐயா, சாவியை முதலில் கொடுங்கள், கதவை அப்புறம் மாட்டிக்கொள்ளலாம்" என்றாராம். பொறியாளர் சிரித்தாரேனும், கதவு வந்த அன்றே இரண்டு சாவிகள் ஊருக்கு வந்தன.

ஆவணி மாதத்து ஒரு காலையில் பொறியாளர், ஒப்பந்தக்காரர், சங்கத்தார், பெரியவர் ஆகியோர் கரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தனர். எழுத்து அழகாக இருக்கும் என்று எவரோ கூறியதனால், குறைகளைக் குறிக்கும் பணி எமக்கு வாய்த்தது. நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றில் ஒரு பக்கத்திற்கு ஒரு குறையாக எழுதினோம்: குறை யாது, எவ்விடத்தில், யார் திருத்துவது, எந்நாளுக்குள். சொல்லிலேயே முதல் வழக்குத் தோன்றிற்று. பொறியாளர் 'ஷட்டர்' என்றார். பெரியவர் 'பலகை' என்றார். ஒப்பந்தக்காரர் 'கேட்' என்றார். மூன்றும் ஒன்றே என்று முதற்பக்கத்தில் எழுதிக்கொண்டு மேற்சென்றோம். கரையடியிலேயே மண் எடுத்த குழி ஒன்று, வழியில் விட்டுச்சென்ற கல்குவியல், அலைகல் பதியாத பதினைந்து முழ இடம், வரத்துக்காலின் குறுக்கே வண்டிக்காக இட்டு அகற்றாத மண்பாதை என, மொத்தம் 17 குறைகள் ஏறின. மண்பாதையை எவரும் குறையாக எண்ணவில்லை, மாடு மேய்த்து வந்த மூதாட்டி ஒருவரே, "இதை எடுக்காவிட்டால் தண்ணீர் எந்த வழியாக வரும்?" என்று கேட்டார். 17 குறைகளிலும் பெரியது அதுவே.

மடையோரத்து மண்ணைச் சோதித்த வகை எமக்கு வியப்பளித்தது. கண்மாயின் உள்வாயில், மடையைச் சுற்றி மணல்மூட்டைகளால் அரைவட்டமாகச் சிறுகரை ஒன்று அமைத்து, அருகிருந்த கிணற்றினின்று பொறியால் நீர் இறைத்து அதனை நிரப்பினர். மூன்று நாள் அந்நீர் நின்றது. பெரியவர் இரவிலும் சென்று வெளிப்புறத்தைத் தடவிப் பார்த்தார். இரண்டாம் நாள் சிறிது ஈரம் தோன்ற, அவ்விடத்தைத் தோண்டி மீண்டும் படலம் படலமாக இடித்து நிரப்பினர். அதன்பின் கதவைப் பத்துமுறை ஏற்றி இறக்கினார் பெரியவர், பொறியாளர் தொடவில்லை. மேலூராரும் கீழூராரும் நிற்கக் கலுங்கின் மட்டத்தை அளந்து, பழைய கல்மடையிலிருந்து எடுத்து ஒதுக்கிய கல்லொன்றில் கோடு வெட்டி நட்டனர்.

புரட்டாசி பதினைந்தாம் நாளுக்குள் 16 குறைகள் கோடிட்டு அடிக்கப்பெற்றன. ஒவ்வொன்றன் கீழும் இருவர் ஒப்பம். எஞ்சிய ஒன்று கலுங்கின் கீழ்த்தளத்தில் தோன்றிய மெல்லிய வெடிப்பு. மழைக்கு முன் அதனைத் தொடுவதா, மழையில் அது வளர்கிறதா என்று பார்ப்பதா என வாதித்து, பார்ப்பதே நன்று என்று முடிவு செய்து, அதன் இரு முனையிலும் வண்ணத்தால் குறியிட்டனர். அவ்வாண்டு மழை பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை. கண்மாய் முக்காலே அரைக்கால் நிறைந்து, கடைமடைக்கும் மூன்று பாய்ச்சல் கிட்டிற்று. சிற்றப்பா வீட்டிற்கு நெல் வந்தது.

மாசியில் கண்மாய் வற்றியபின் பொறியாளர் மீண்டும் வந்தார். வெடிப்பு குறியைக் கடந்து ஒரு சாண் நீண்டிருந்தது. ஒப்பந்தக்காரரை அழைத்து அதனை வெட்டியெடுத்துப் பூசுவித்து, 17-ஆம் பக்கத்தையும் அடித்தார். நிறுத்தி வைத்த தொகை அதன்பின்னரே வழங்கப்பெற்றது. வரைபடத்தின் படி ஒன்றும், மட்டக்கல்லின் அளவும், சாவிகளும் குறிப்பேட்டோடு சேர்த்துப் பெரியவர் வீட்டுத் தகரப்பெட்டியில் உள்ளன. ஏட்டில் எஞ்சிய பக்கங்கள் வீணாகாமல், எந்த நாளில் எத்தனை திருகு கதவைத் திறந்தார், எத்தனை நாள் நீர் விட்டார் என்பதை அவர் தம் பேத்தியைக் கொண்டு எழுதுவித்து வருகிறார். சென்ற விடுமுறையில் யாம் அதனைப் பார்த்தபொழுது முப்பத்தொன்றாம் பக்கம் நடந்துகொண்டிருந்தது.